புதுப்பிப்பு: திடீர்த் தலைவலியும் பிட்யூட்டரி அவசரமும்

நொடிகளில் உச்சத்தைத் தொடும் தலைவலி என்றால் முதலில் மூளை உறைக்கடியில் ரத்தக்கசிவைச் சந்தேகிக்க வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். சிடி ஸ்கேன் சரியாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா என்ற கேள்வி எழுந்ததால் இதைச் சேர்க்கிறேன்.

கூடாது. மூளையின் அடியில் ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியில் உள்ள கட்டிக்குள் ரத்தம் கசிந்தாலோ ரத்த ஓட்டம் தடைபட்டாலோ சாதாரண சிடியில் அது தப்பிவிடலாம். எம்ஆர்ஐதான் தெளிவாகக் காட்டும். முதுகுத் தண்டுவட நீரும் குழப்பும். அதில் செல்கள் கூடியிருந்தால் மூளைக்காய்ச்சல் போலவே தோன்றும். பலருக்குக் கட்டி இருந்ததே அன்றுதான் தெரியவரும்.

துப்பு கண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாக மூடி, பக்கவாட்டிலிருந்து விரலைக் கொண்டுவந்து பாருங்கள். இரு கண்களிலும் வெளிப்புறப் பார்வை குறைந்திருந்தால் பிட்யூட்டரி பக்கம் யோசியுங்கள். இரட்டைப் பார்வை, இமைச் சரிவும் வரலாம். ஆனால் இமை சரிந்து கண்மணி விரிந்திருந்தால் மூளை ரத்தக்குழாய்ப் புடைப்பும் (அனியூரிசம்) காரணமாகலாம்; ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ அவசியம். கண் சிவந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அது கண் அழுத்த நோயாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலி பொதுவாகப் படிப்படியாக ஏறும்.

அடுத்து ரத்த அழுத்தம், சோடியம். இரண்டும் குறைந்தால், பிட்யூட்டரியின் தூண்டுதல் நின்று, ரத்த அழுத்தத்தைத் தாங்கும் ஹார்மோனான கார்டிசால் வற்றிவிட்டது என்றே கருதுங்கள். கார்டிசால், தைராய்டு, புரோலாக்டின் பரிசோதனைகளுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்டிசோன் (மருந்து வடிவக் கார்டிசால்) 100 மி.கி. சிரை வழியாகச் செலுத்த வேண்டும். தைராக்சினை (தைராய்டு ஹார்மோன் மருந்தை) அதற்கு முன் தொடங்கவே கூடாது. இருக்கும் கொஞ்சக் கார்டிசாலும் வேகமாகத் தீர்ந்து நோயாளி சரிந்துவிடுவார்.