காம்ப்ளிமென்டாரிட்டி: ‘தன்மை’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்.

இயற்கைப் பாதுகாப்பில் ‘காம்ப்ளிமென்டாரிட்டி’ (complementarity) என்றால், ஏற்கெனவே காக்கத் தேர்ந்த இடங்களில் இல்லாத உயிரினங்களைப் புதிய இடம் எவ்வளவு கொண்டுவருகிறது என்பது. அதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்தவை: ஒத்திசைவு, துணைமை, நிரப்புத்தன்மை. ஒத்திசைவை முதலில் கழித்துவிடலாம். எந்தக் காட்டை, எந்த ஏரியை முதலில் காப்பது என்று தேரும்போது, ஏற்கெனவே எடுத்ததோடு ஒத்துப்போகாத இடம்தான் வேண்டும். துணைமையில் எடுபிடி வாடை. நிரப்புத்தன்மையில் பாதி சம்மதம். நிரப்புக்கோணம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இடிப்பது ‘தன்மை’.

எங்கள் புதுச்சேரிப் பக்கமே பார்ப்போம். கழுவேலி, ஊசுட்டேரி, கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு. இரண்டைத்தான் காக்க முடியும். முறையே 100, 90, 40 இனங்கள் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் கணக்குக்காக மட்டும்). மதிப்பெண் போட்டால் இரண்டு ஏரியும் தேறும், காடு தோற்கும். ஆனால் ஓர் ஏரிக்கு வரும் நீர்ப்பறவைகளில் பல மற்ற ஏரிக்கும் வருபவை. பொதுவானவை 85 என்றால், கழுவேலியை எடுத்தபின் ஊசுட்டேரி புதிதாகத் தருவது 5. வீரை மரமும் காசான் மரமும் நிற்கும் காடு 35 தரலாம். கழுவேலிக்குப் பதில் காட்டை முதலில் எடுத்திருந்தாலோ, ஊசுட்டேரியின் 5 எங்கோ ஏறிவிடும். ஏரி அதேதான், எண்தான் மாறியது. அதனிடமே இல்லாத ஒன்றை எப்படி அதன் தன்மை என்பது?

1983-இல் டாஸ்மேனியாவில் சூழலியலாளர் கிர்க்பாட்ரிக் செய்ததும் இதைத்தான்: ஓர் இடத்தைத் தேர்ந்ததும் மீதி இடங்களுக்குக் கணக்கை மறுபடி போட்டார். காம்ப்ளிமென்டாரிட்டி என்ற பெயர் 1991-இல் உயிரியலாளர் வேன்-ரைட்டும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையில் வந்தது. ‘இட்டி’ என்று முடிந்தாலே நாம் ‘தன்மை’யை ஒட்டிவிடுகிறோம், பழக்கதோஷம்.

என் முன்மொழிவு: குறைநிரப்பு. எண்ணாகச் சொல்ல, குறைநிரப்பளவு.

*

தம்பி,

தன்மையை விடுவதில் எனக்கும் சம்மதம். புதுமனை புகுவிழாவுக்கு வரும் ஐந்தாவது சுவர்க்கடிகாரமும் நல்ல கடிகாரம்தான். மாட்டத்தான் சுவர் இல்லை. ஆனால் குறைநிரப்பு என்றதும் வீட்டில், “சத்து மாத்திரையா?” என்று கேட்டார்கள். இன்னொன்று, ‘குறை’ என்றால் அந்த இடத்துக்கே ஏதோ குறை என்று படிப்பார்கள். பிச்சாவரத்துக்குக் குறைநிரப்பு இவ்வளவு என்று எழுதினால் எங்கள் கடலூர் மாவட்டத்தில் சண்டைக்கு வருவார்கள். ‘இட்டுநிரப்பு’ எப்படி?

*

ஐயா,

இட்டுநிரப்பு காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பேச்சில் அது எதையோ போட்டு ஒப்பேற்றுவது. மாத்திரை என்பது குறைநிரப்பி, அதாவது நிரப்பும் பண்டம். நாம் சொல்வது நிரப்பும் செயல். இரண்டையும் பிரிக்க ‘குறைநிரப்பி’யின் கடைசி இகரமே போதுமென்று நினைக்கிறேன். குறை யாருடையது என்பதை வரையறையிலேயே சொல்லிவிடலாம்:

“குறைநிரப்பு: ஏற்கெனவே தேர்ந்த இடங்களின் தொகுப்பில் இல்லாதவற்றுள், புதிதாகச் சேரும் ஓர் இடம் கொண்டுவரும் பங்கு.”

பிச்சாவரத்தையே எடுத்துக்காட்டாகப் போடுவோம். ஏரியையும் கோயில் காட்டையும் எடுத்தபின் அதன் சுரபுன்னை மரமும் தில்லை மரமும் வாங்கும் எண்ணைப் பார்த்தால், சண்டைக்கு வருபவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள்.