கும்பகோணத்தில் கைரோபிராக்டர் (முதுகெலும்பு, மூட்டுகளைக் கையால் அழுத்திச் சிகிச்சை செய்பவர்) யாராவது இருக்கிறார்களா?

வணக்கம். மூன்று மாதமாக இடுப்பு வலி. முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்4-எல்5 டிஸ்க் (இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை தேவையில்லை, பிசியோதெரபி போதும் என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். காலையில் குனிந்து செருப்பு வாரை மாட்டுவதற்குள் 'அம்மா' என்று இரண்டு தடவை கத்திவிடுகிறேன். தினமும் ஸ்கூட்டியில் பாபநாசம் போய் வருகிற வேலை. வழியில் உள்ள வேகத்தடைகளை என் இடுப்பு ஒன்று விடாமல் எண்ணி வைத்திருக்கிறது.

பெங்களூரில் இருக்கும் தங்கை கைரோபிராக்டரிடம் போய்த் தேறினாள். இங்கே விசாரித்தால் 'சுளுக்கு எடுக்கிறவரா?' என்கிறார்கள். போன மாதம் அப்படி ஒருவரிடம் போனேன். ஒன்றும் கேட்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. கழுத்தைப் பிடித்து டக்கென்று திருப்பினார். வலி இருந்ததோ இடுப்பில்! இரண்டு நாள் தலைசுற்றல். அப்படித் திருப்பினால், அபூர்வமாக என்றாலும், கழுத்து ரத்தக்குழாய் கிழியக்கூடும் என்று பிறகுதான் மருத்துவர் சொன்னார். அதனால் முறையாகப் படித்தவர்தான் வேண்டும். தஞ்சாவூர் என்றாலும் சரி, 40 கிலோமீட்டர்தானே. திருச்சி என்றால் வாரம் ஒரு முறைக்கு மேல் முடியாது.

சித்த மருத்துவத்தில் வர்மம் (உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் அழுத்துவது), தொக்கணம் (உடம்பைப் பிடித்துவிடுவது) செய்துகொண்டவர்கள் எத்தனை நாளில் பலன் தெரிந்தது என்று சொல்லுங்கள். அப்புறம், பெண்களுக்கான மாலை நேர யோகா வகுப்பு இருக்கிறதா? மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். நடந்தால் வலி குறைகிறது, உட்கார்ந்தால்தான் வம்பு.

கட்டணம், ஞாயிறு உண்டா என்பதையும் எழுதுங்கள். விளக்கெண்ணெய் யோசனை மட்டும் வேண்டாம், மாமியார் ஏற்கெனவே அரை பாட்டில் தீர்த்துவிட்டார்.