கொரியப் போரில் ஜப்பானிய மொழி தெரிந்தவர்களுக்கு என்ன வேலை?

கேள்வி:
கொரியப் போரைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். கைதிகளை விசாரித்த அமெரிக்க ராணுவ உளவுப் பிரிவில் நிசெய்கள், அதாவது அமெரிக்காவில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினர், நிறையப் பேர் இருந்திருக்கிறார்கள். பிடிபட்டவர்களோ கொரியரும் சீனரும். அப்புறம் எதற்கு ஜப்பானிய மொழி?

பதில்:
கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் பிடியில் இருந்தது. பள்ளியில் ஜப்பானிய மொழியில்தான் பாடம். அதனால் 1950ல் இருபது வயது தாண்டிய, ஓரளவு படித்த கொரியர் பலருக்கு அது தெரியும். அமெரிக்க ராணுவத்தில் கொரிய மொழி தெரிந்தவர்கள் மிகக் குறைவு, ஆனால் 1941 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த ராணுவ மொழிப் பள்ளி வழியாக வந்த நிசெய்கள் இருந்தார்கள். கைதிக்கு ஜப்பானிய மொழி தெரியாவிட்டால் நடுவில் ஒரு கொரியர் உட்கார வேண்டும், அவர் ஜப்பானிய மொழியில் சொல்ல, நிசெய் அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். தன்னை அடக்கி ஆண்டவனின் மொழியில் அந்தக் கைதி பதில் சொல்கிறான், கேட்கும் நிசெயின் குடும்பமோ சில வருஷம் முன்னால்தான், இரண்டாம் உலகப் போரில், ஜப்பானிய வம்சாவளி என்பதற்காக அமெரிக்காவிலேயே முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகும்.

பதில்:
சீனர் விஷயத்தில் மொழி தடையாக இல்லாத ஒரு முக்கியமான விசாரணை உண்டு. 1950 அக்டோபர் 25, வடகொரியாவில் ஊன்சான் பக்கம் ஒரு சீனச் சிப்பாய் பிடிபட்டான். ஒரு பக்கம் காக்கி, திருப்பிப் போட்டால் வெள்ளை, அப்படிப் பஞ்சு வைத்துத் தைத்த சீருடை. தென்கொரிய 1வது டிவிஷன் தளபதி பைக் சன் யப்புக்குச் சீன மொழி தெரியும், அவரே விசாரித்தார். சீனப் படை பெரிய அளவில் வந்துவிட்டது என்று கைதியே சொன்னான். மேலிடத்துக்கும் சொல்லியாயிற்று. ஐ.நா. படைகளின் அமெரிக்கத் தலைமைத் தளபதி மெக்கார்தரின் உளவுத் தலைவர் வில்லபி அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 25ல், சீனாவின் பெருந்தாக்குதல் தொடங்கியது. விசாரித்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள், தவறு மேலே நடந்தது என்பதுதான் என் கருத்து.

பதில்:
உளவு வேலை என்றால் விசாரணை மட்டுமில்லை, வியட்நாமையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே 1961ல் போன எதிரியின் ரேடியோவை ஒட்டுக்கேட்கும் அமெரிக்க ராணுவ ஆட்கள் 'ரேடியோ ஆராய்ச்சி' என்ற பெயரில் மறைந்து வேலை செய்தார்கள். எதிரியின் டிரான்ஸ்மிட்டர் எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவியோடு வண்டியில் கிட்டத்திலேயே போக வேண்டியிருந்தது. அப்படிப் போன ஜேம்ஸ் டேவிஸ் டிசம்பர் 22ல் சைகோனுக்கு மேற்கே பதுங்கியிருந்தவர்களின் தாக்குதலில் இறந்தார். அடுத்த வருஷமே அந்தக் கருவியைச் சின்ன விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.