பிணைந்த ஜீன்கள்: சோதனைக் கலப்பில் என் எண்ணிக்கை தலைகீழாக வருவது ஏன்?

கேள்வி:
வணக்கம். பழப்பூச்சியில் உடல் நிறத்துக்கும் சிறகுக்குமான ஜீன்கள் ஒரே குரோமோசோமில் 17 வரைபட அலகு தொலைவில் (அதாவது 17 விழுக்காடு மறுசேர்க்கை) பிணைந்துள்ளன. சாம்பல் நிறமும் குறுஞ்சிறகும் கொண்ட தூய வகையை, கருநிறமும் இயல்புச் சிறகும் கொண்ட தூய வகையுடன் கலந்து பெற்ற முதல் தலைமுறைப் பெண் பூச்சியை, கருநிறமும் குறுஞ்சிறகும் (இரண்டும் ஒடுங்கு பண்புகள்) கொண்ட ஆணுடன் சோதனைக் கலப்பு செய்தால் 1000 சந்ததிகள் எவ்வாறு பிரியும் என்பது கணக்கு. சாம்பல்–இயல்பு 415, கருமை–குறுஞ்சிறகு 415, மற்ற இரண்டும் 85 வீதம் என்று எழுதினேன். விடைக்குறிப்பு இதற்கு நேர்மாறாக உள்ளது. எங்கே தவறினேன்?

மறுமொழி 1:
17 விழுக்காட்டை இரண்டு மறுசேர்க்கை வகைகளுக்கும் (பெற்றோரிடம் இல்லாத புதிய சேர்க்கைகளுக்கு) 8.5 வீதம் பகிர்ந்தது சரியே. பலர் அங்கேதான் சறுக்குவார்கள். தாங்கள் தவறியது அதற்கு முந்தைய படியில். இரண்டு ஓங்கு பண்புகளும் (சாம்பல் நிறம், இயல்புச் சிறகு) ஒரே குரோமோசோமில் இருப்பதாகத் தாங்களாகவே கொண்டுவிட்டீர்கள். இந்தப் பெண் பூச்சி ஒரு பெற்றோரிடமிருந்து சாம்பல்–குறுஞ்சிறகு குரோமோசோமையும், மற்றதிடமிருந்து கருமை–இயல்பு குரோமோசோமையும் பெற்றது. ஆகவே குறுக்கேற்றம் (இணைக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) நிகழாத கேமீட்டுகள் (இனச்செல்கள்) அந்த இரண்டு சேர்க்கைகளையே சுமக்கும், அவைதான் 415 வீதம் வரும். பூச்சியின் தோற்றத்தைப் பார்த்து இதை அறிய முடியாது என்பதால், பெண்ணின் இரு குரோமோசோம்களையும் இரண்டு கோடுகளாக வரைந்து, அல்லீல்களை (ஜீனின் மாற்று வடிவங்களை) அவற்றின் மேல் எழுதிய பிறகே எண்களைத் தொடுங்கள்.

மரபியலாளர் மார்கனின் ஆய்வாகப் பாடநூல்கள் எடுத்தாளும் 965, 944, 206, 185 என்ற எண்கள் தங்கள் மனத்தில் பதிந்திருக்கலாம். அதில் சாம்பல்–இயல்பும் கருமை–குறுஞ்சிறகும்தான் பெற்றோர் வகைகள். மறுசேர்க்கைகள் 206 + 185 = 391; மொத்தம் 2300; எனவே 17 விழுக்காடு. தொலைவு அதுவே, அல்லீல்களின் அமைப்பு மட்டும் வேறு.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. வரைந்தவுடன் புரிந்தது. அதே முதல் தலைமுறையின் ஆண் பூச்சியைக் கருநிறக் குறுஞ்சிறகுப் பெண்ணுடன் கலந்தாலும் இவ்வெண்களே வருமா?

மறுமொழி 2:
வராது. பழப்பூச்சியின் ஆணில் இயல்பாகக் குறுக்கேற்றம் நிகழ்வதில்லை. ஆதலால் சாம்பல்–குறுஞ்சிறகு ஏறத்தாழ 500, கருமை–இயல்பு ஏறத்தாழ 500 என இரண்டே வகைகள் கிடைக்கும். இது எல்லா உயிரினங்களுக்கும் பொருந்தும் விதியன்று. பட்டுப்புழுவில் குறுக்கேற்றம் நிகழாதது பெண்ணில்தான்.