முதல் குரோனோகிராஃப்: சீகல் 1963-ஆ, விகே64 மெஷின் கடிகாரமா?

கேள்வி

வணக்கம். அதிகச் செலவில்லாத குரோனோகிராஃப் (நேரம் அளக்கும் ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள) கைக்கடிகாரம் ஒன்றை வாங்க எண்ணிப் பல நாள் தேடியதில், கடைசியாக இரண்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்று, சாவி கொடுத்து ஓட்டும் சீகல் 1963. மற்றொன்று, செய்கோவின் விகே64 மெக்கா-குவார்ட்ஸ் மெஷின் (பேட்டரியில் ஓடும், ஸ்டாப்வாட்ச் பகுதியில் மட்டும் இயந்திர அமைப்பு சேர்ந்த உள்ளியக்கம்) பொருத்திய கடிகாரம். நான் மாணவர்களைப் பேச்சுப் போட்டிக்குப் பழக்குகிறேன். ஒருவருக்கு ஏழு நிமிடம் என அளப்பதுதான் இதற்கு வேலை. விடுமுறை நாள்களில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுவேன். இரண்டின் முகப்பிலும் இரண்டு சிறு வட்டங்களே இருக்கின்றன. அப்படியானால் வேறுபாடுதான் என்ன?

பதில் 1

வட்டங்கள் இரண்டுதான், ஆனால் அவை காட்டுபவை வேறு. சீகலில் இடப்பக்கம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் நொடி முள்ளும், வலப்பக்கம் 30 நிமிடம் வரை எண்ணும் முள்ளும் உள்ளன. விகே64-இல் இடப்பக்கம் 60 நிமிடக் கணக்கு, வலப்பக்கம் 24 மணி நேர முள். ஓடும் நொடி முள் கிடையவே கிடையாது. நடுவிலுள்ள நீண்ட முள் பொத்தானை அழுத்தினால்தான் நகரும் என்பதால், மற்ற நேரங்களில் கடிகாரம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. இது உறுத்துமானால் விகே63 மெஷின் உள்ளதைத் தேடுங்கள். அதில் முகப்பின் 6 என்ற எண்ணுக்கு மேலே, ஓடும் நொடி முள் உண்டு.

உங்கள் வேலைக்கு விகே வகையே பொருத்தம் என்பேன். மாதத்துக்கு 20 நொடிக்குள்தான் பிசகும். கழற்றி வைத்தாலும் நிற்காது. கீழ்ப் பொத்தானை அழுத்தியதும், உள்ளே ஒரு சிறு சுத்தி இதய வடிவத் தகட்டைத் தட்டி, முள்ளைச் சட்டென்று 12-க்குக் கொண்டுவந்துவிடும். சாதாரண குவார்ட்ஸில் மோட்டார் அதைச் சுற்றிக் கொண்டுவரும் வரை காத்திருக்க வேண்டும். அடுத்த மாணவர் பேசத் தொடங்கியிருப்பார்!

பதில் 2

நான் சீகலை அணிபவன். எனக்கு முன் பதில் எழுதியவர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சீகலின் எஸ்டி19 மெஷின், சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175 என்ற பழைய குரோனோகிராஃப் மெஷினின் வழிவந்தது. அதன் மூல வடிவம் 1960-களில் சீன விமானப்படைக்காகத் தியான்ஜின் நகரில் உருவாக்கப்பட்டது. பொத்தானின் அசைவை உள்ளே ஒரு தூண் சக்கரம் ஏற்று நெம்புகோல்களை இயக்குகிறது. பின்மூடி கண்ணாடியாக இருந்தால், அழுத்தும்போதே அவை நகர்வதைக் காணலாம். இந்த விலைப் பிரிவில் இத்தகைய அமைப்பு அரிது.

அதற்கு ஈடாகச் சில சிரமங்களும் உண்டு. முழுச் சாவி கொடுத்தால் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும். இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும், மறுபடி நேரம் திருத்த வேண்டும். நாளொன்றுக்குச் சில நொடிகள் முன்பின் ஆவதும் இயல்பு. என்னுடையதை ஒருமுறை பிரித்துச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது நடு முள் 12-இல் நிற்காமல் அரை நொடி தள்ளி நின்றது. குரோனோகிராஃபைப் பிரித்துச் சேர்க்கக் கை பழகியவர் கிடைப்பது கடினம். விகே மெஷின் பழுதானால் முழுவதுமாக மாற்றிவிடலாம். எதை வாங்கினாலும், ஓடும் முள்ளை மேல் பொத்தானால் நிறுத்திவிட்டுத்தான் கீழ்ப் பொத்தானை அழுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நொடி முள் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. விகே63 உள்ள ஒன்றையே வாங்கப்போகிறேன். ஆனால் அந்த நெம்புகோல்களின் படங்களைப் பார்த்ததிலிருந்து சீகல் மனத்தை விட்டு அகலவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.