பைப்பை மூடச் சொன்னால் என்ன குத்தம்?

பெருந்துறை ஹார்டுவேர்:
நேற்று இங்கே ஒரு வாத்தியார், "பைப்பை மூடு என்று சொல்கிறவனுக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. பைப் என்பது தண்ணீர் ஓடுகிற குழல், திருகி மூடுவது டேப்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. 22 வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு வந்து "டேப் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால் கடைப்பையன், தண்ணீர் கசியாமல் மரையில் சுற்றுகிற டெஃப்லான் டேப்பைத்தான் எடுத்து நீட்டுவான். "பைப் ஒண்ணு" என்றால் பித்தளையா பிளாஸ்டிக்கா என்று கேட்பான். நீளக் குழல் வேண்டியவர் எத்தனை அடி என்று அவரே சொல்லிவிடுவார். இதில் யாருக்கு என்ன குழப்பம்?

பீளமேடு வாத்தியார்:
நான் பொதுவாக எழுதியதைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிறவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும்? குழப்பம் உச்சரிப்பில் இருக்கிறது. இழுத்துச் சொன்னால் நாடா. வாயை அகலமாகத் திறந்து குறுக்கிச் சொன்னால் தண்ணீர் வருவது. இரண்டும் வேறு சொல்.

பெருந்துறை ஹார்டுவேர்:
வாயை எவ்வளவு அகலம் திறக்கணுங்க, அரை இஞ்சா முக்கால் இஞ்சா? தமிழில் எழுதினால் இரண்டும் டேப்தான். கேஸ் தீர்ந்துபோச்சு என்கிறோம், கோர்ட்டில் கேஸ் போட்டேன் என்கிறோம், அதுவும் அப்படித்தான். கடைப்பையன் டெஃப்லான் டேப்பைத்தான் எடுப்பான்.

காங்கயம் மருமகள்:
எங்க அத்தை இன்னமும் "பைப்புல தண்ணி வந்துருச்சா" என்றுதான் கேட்பாங்க. தெருவில் நட்டுவைத்திருந்தது ஒரு கம்பி மாதிரி பைப்பு, அதன் தலையில் ஒரு திருகு. மீதியெல்லாம் மண்ணுக்குள். கண்ணுக்குத் தெரிந்ததைப் பைப்பு என்றார்கள், குடம் வைத்த இடம் பைப்படி ஆச்சு. டேப்படி என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அப்புறம் குழாய் என்ற நம்ம சொல்லே இரண்டுக்கும்தானே வருகிறது. குழாய் பதித்தார்கள், குழாயைத் திறந்தேன். அதைத்தான் அப்படியே பைப் என்று மாற்றிக்கொண்டோம். ஆங்கிலம் தெரியாமல் சொன்னதில்லைங்க வாத்தியாரய்யா.

பீளமேடு வாத்தியார்:
அம்மணி, குழாய் பற்றி நான் பேசவே இல்லை. ஆங்கிலச் சொல்லை எடுத்தால் ஆங்கிலப் பொருளில் எடுக்கவேண்டும்.

திருப்பூர் பனியன்:
எந்த ஆங்கிலம் சார்? அமெரிக்காக்காரன் அதை ஃபாசெட் என்கிறான். ஆனால் அதில் வருகிற தண்ணீரை மட்டும் டேப் வாட்டர் என்கிறான். அவனையும் உருப்படமாட்டான் என்பீர்களா? இன்னொன்று, டெஃப்லான் என்பதே ஒரு கம்பெனி வைத்த பேர். சாமான் பேர் பிடிஎஃப்இ. ஹார்டுவேர் அண்ணன் அதைத் திருத்திக்கொள்ளட்டும்.

பெருந்துறை ஹார்டுவேர்:
தம்பி, பனியனோடு நில். எந்தக் கம்பெனி தொட்டியாக இருந்தாலும் உங்க வீட்டு மாடியில் இருப்பது சின்டெக்ஸ்தானே? எங்கள் தொழிலில் அசல் பேர் பிப் காக். சுவரில் இருந்து வாஷ்பேசினுக்குப் போகிற இடத்தில் ஆங்கிள் காக், பேசின் மேலே நிற்பது பில்லர் காக். பில்லில் அப்படித்தான் எழுதுகிறேன். வாத்தியார் சொல்கிற சொல் என் பில் புத்தகத்திலேயே இல்லை. இன்னும் கேளுங்கள், பிளம்பர் என்பதே லத்தீனில் ஈயத்துக்குச் சொல்கிற பிளம்பம் என்ற சொல்லில் இருந்து வந்தது. இன்றைக்கு எந்த பிளம்பர் ஈயத்தைத் தொடுகிறான்? எல்லாம் பிவிசி. அவனுக்கும் பேர் மாற்றிவிடலாமா?

பீளமேடு வாத்தியார்:
பிளம்பம் என்பது காரீயம். வெறும் ஈயம் இல்லை. ஈயச்சொம்பில் ரசம் வைப்பது வெள்ளீயம். இந்த வித்தியாசம் தெரியாதவர் சொல்லாராய்ச்சி செய்கிறார்!

காங்கயம் மருமகள்:
ஈயச்சொம்பு ரசத்தை இதுக்குள்ள எதுக்குங்க இழுக்கறீங்க?

பெருந்துறை ஹார்டுவேர்:
பதில் இல்லாதபோது இவர் இப்படித்தான். போன மாசம் போசி என்கிற சொல்லுக்கும் இதே மாதிரி வந்தார். எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாகச் சோறு ஆக்குகிற போசியைத் தமிழே இல்லை என்றார். நான் மறக்கவில்லை. கோயமுத்தூர்க்காரருக்குச் சிறுவாணித் தண்ணி குடிக்கிற திமிர்.

பீளமேடு வாத்தியார்:
சிறுவாணியைப் பற்றிப் பேச உங்களுக்கு அருகதை இல்லை. அந்த ருசி தெரிந்தால் இந்தக் கோபம் வராது.

திருப்பூர் பனியன்:
சார், அந்த அணையே பாலக்காடு ஜில்லாவில், கேரளாவில் இருக்கிறது. அதுக்கு இவ்வளவு பெருமையா? கோவையில் பாதிப்பேர் குடிப்பது பில்லூர் தண்ணி, அது பவானி ஆறு. அந்தப் பவானி வந்து காவிரியில் சேருவது ஈரோட்டுப் பக்கம், ஹார்டுவேர் அண்ணன் ஜில்லாவில்.

பெருந்துறை ஹார்டுவேர்:
அப்படிப் போடு தம்பி. பனியன் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டெஃப்லான் பற்றிச் சொன்னதை இல்லை.

பீளமேடு வாத்தியார்:
விஷயத்துக்கு வாருங்கள். 34 வருஷம் வகுப்பில் நின்றவன் நான். போன வாரம் ஒரு கடையில் (ஊர் சொல்ல விருப்பமில்லை) சரியான உச்சரிப்பில்தான் கேட்டேன். அங்கேயும் பையன் நாடாச் சுருளை நீட்டினான். எவ்வளவு வேதனை தெரியுமா?

பெருந்துறை ஹார்டுவேர்:
பாருங்கள் மக்களே, இவரே சொல்லிவிட்டார்! முதல் வரியிலேயே நான் இதைத்தானே எழுதினேன்!

பீளமேடு வாத்தியார்:
அது பையனின் பிழை. சொல்லின் பிழை அல்ல. உங்கள் கடையிலும் முதலில் பையனை மாற்றுங்கள்.

பெருந்துறை ஹார்டுவேர்:
அவன் என் மச்சான் மகனுங்க. வார்த்தையை அளந்து பேசுங்க.

காங்கயம் மருமகள்:
ஏனுங்கண்ணா, கேட்க மறந்துட்டேன். எங்க வீட்டுப் பைப்பு ரெண்டு நாளாச் சொட்டுது. வாஷர் மட்டும் மாத்தினா போதுமா, முழுசா மாத்தணுமா?

பீளமேடு வாத்தியார்:
டேப் சொட்டுகிறது.

பெருந்துறை ஹார்டுவேர்:
பித்தளை பைப்பா பிளாஸ்டிக்காம்மணி?