வெள்ளைத் தாளைப் பார்த்தாலே கை நடுங்குது, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

சத்துவாச்சாரிக்காரி:

வணக்கம். நாற்பது வயசுக்கு மேல டிராயிங் ஆரம்பிக்கிறேன். ஸ்கெட்ச் புக், பென்சில் எல்லாம் வாங்கியாச்சு. முதல் கோடு போடத்தான் பயம். போட்டாலும் ஒரே கோடா வராம மயிர் மயிரா, துண்டு துண்டா வருது. ரப்பரால தேய்ச்சுத் தேய்ச்சுத் தாள் பஞ்சாயிடுது. தினமும் வாசல்ல சிக்குக் கோலம் போடற கைதான், அங்கே இந்த நடுக்கமே இல்லை. அது ஏன்னு புரியல. எங்க ஊர் வேலூர்க் கோட்டை அகழி ஓரமா உக்காந்து வரையணும்னு ஆசை, ஆனா யாராவது எட்டிப் பார்த்தா கூச்சமா இருக்கும். வகுப்புக்குப் போக வழியில்லை. வீட்டுல தினம் அரை மணி நேரம் செய்யற மாதிரி பயிற்சி இருந்தா சொல்லுங்க.

தோள்கோடு:

கோலத்தைச் சொன்னீங்களே, பதில் அதிலேயே இருக்கு அக்கா. கோலம் போடும்போது கையைத் தரையில ஊனறதில்லை. தோள்ல இருந்து மொத்தக் கையும் நகருது. கண்ணும் விரலைப் பார்க்காம, அடுத்த புள்ளிக்கு முன்னாடியே போயிடுது. தாள்ல நேர்மாறா நடக்குது. எழுதற மாதிரி மணிக்கட்டை ஊனி, பென்சில் முனையையே உத்துப் பார்க்கறோம். ஊனின மணிக்கட்டு அஞ்சாறு செ.மீ.க்கு மேல எட்டாது. அதைவிட நீளமான கோடுன்னா கையை நகர்த்தி நகர்த்தி ஒட்டுப் போட வேண்டியதுதான். நீங்க சொல்ற மயிர்க்கோடு அந்த ஒட்டு.

முதல் பத்து நிமிஷம் இதைச் செய்யுங்க. 12 செ.மீ. தள்ளி ரெண்டு புள்ளி வைங்க. மணிக்கட்டு, முழங்கை ரெண்டையும் மேசையில இருந்து தூக்கிடுங்க. சுண்டுவிரல் நகம் மட்டும் தாள்ல லேசா உரசலாம். பேனாவைத் தாளுக்கு மேலேயே புள்ளிக்குப் புள்ளி மூணு நாலு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, இறக்கி ஒரே இழுப்பு. கண் சேர வேண்டிய புள்ளி மேலேயே இருக்கணும். கோடு நெளிஞ்சா வேகம் பத்தல. புள்ளியைத் தாண்டி ஓடினா வேகம் கூடுதல், அது பரவாயில்லை. எப்பவும் ஒரே பக்கமா வில் மாதிரி வளைஞ்சா முழங்கை எங்கேயோ ஊனியிருக்குன்னு அர்த்தம். அதே கோட்டு மேல இன்னொரு தடவை மட்டும் இழுக்காதீங்க. ஒரு ஏ4 தாளுக்கு இருபது கோடு, ரெண்டு தாள் போதும். கைக்கு எந்தத் திசை வசதியோ அந்தத் திசைக்குத் தாளைத் திருப்பிக்கலாம்.

அந்த ஸ்கெட்ச் புக்கை இப்போதைக்கு பீரோவுல வைங்க. காசு போட்ட தாள்னா ஒவ்வொரு பக்கமும் நல்லா வந்தாகணும்ங்கற நினைப்பு வந்துடும். ஒரு பக்கம் அச்சான பழைய ஏ4 தாள், ஒரு எக்ஸாம் பேட், அவ்வளவுதான்.

பேனாப்பித்தன்:

ரப்பரைப் பத்தி நான் சொல்றேன். தப்பான கோட்டை அழிச்சா, எவ்வளவு தப்புன்னு காட்டற அடையாளமும் கூடவே போயிடுது. அதனாலதான் அழிச்ச இடத்திலேயே அதே தப்பு திரும்ப வருது. அழிக்காம விட்டுட்டு, அதுக்குப் பக்கத்துல சரியான கோட்டைக் கொஞ்சம் அழுத்திப் போடுங்க. பார்க்கறவங்க கண் அழுத்தமான கோட்டைத்தான் எடுத்துக்கும்.

அதுக்கு பால்பாயின்ட் பேனா நல்லது. லேசாப் பிடிச்சா வெளிர் கோடு, அழுத்தினா கருப்பு. ஜெல் பேனா வேணாம், நம்ம ஊர் வெயில்ல உள்ளங்கை வேர்வை பட்டு இழுகிடும். 6பி மாதிரி மெத்துனு கருப்பா எழுதற பென்சிலுக்கும் இதே கதிதான். எதுல வரைஞ்சாலும் உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வச்சுக்குங்க.

அடுத்த பயிற்சி, தாளைப் பார்க்காம வரையறது. இடது கையை மடக்கி வச்சு, அதோட விளிம்பு மேல எறும்பு ஊர்ற வேகத்துல கண்ணை நகர்த்துங்க. பேனா கூடவே ஊரணும். அஞ்சு நிமிஷம் தாளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது. படம் கோணலாத்தான் வரும்.

டிராயிங்_சார்:

பேனாப்பித்தன் சொன்ன கடைசிப் பயிற்சி நல்லதுதான், ஆனால் முதல் வாரத்தில் வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே பயந்திருப்பவர் அந்தக் கோணல் கையைப் பார்த்து, ‘நமக்கு வராது’ என்று முடிவு கட்டிவிடுவார். ஓரளவு கண்டிப்பாகச் சரியாக வரக்கூடியதை முதலில் கொடுக்க வேண்டும்.

இடைவெளியை வரையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்து வையுங்கள். நாற்காலியை மறந்துவிட்டு, கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவே தெரியும் ஓட்டை என்ன வடிவம், கால்களுக்கு நடுவே தெரியும் தரை என்ன வடிவம் என்று மட்டும் பார்த்து, அந்த வடிவங்களைக் கருப்பாக நிரப்புங்கள். நாற்காலி வெள்ளையாகத் தானே வந்து நிற்கும். நாற்காலிக்கு நான்கு காலும் ஒரே நீளம் என்பது நமக்குத் தெரியும். அந்தத் தெரிந்த விஷயம்தான் கையைக் கெடுக்கிறது. ஓட்டைக்கு நம் மனதில் முன்கூட்டி எந்தப் படமும் இல்லாததால், கண் பார்த்ததைக் கை அப்படியே போடுகிறது.

பென்சிலை ஒதுக்கவும் வேண்டாம். 2பி போதும். மூன்றாவது நாளிலிருந்து ரப்பரை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்.

சத்துவாச்சாரிக்காரி:

ரொம்ப நன்றிங்க. நாற்காலி நிஜமாவே வந்துடுச்சு! அதே தைரியத்துல டபரா டம்ளர் வரைஞ்சேன். டம்ளர் மேசையில நிக்காம சாய்ஞ்சு விழப்போற மாதிரி இருக்கு. உயரமும் நிஜத்தைவிட அதிகமா வருது. எங்கே தப்பு?

டிராயிங்_சார்:

அனேகமாக அடிவிளிம்பை நேர்க்கோடாகப் போட்டிருப்பீர்கள். மேசை தட்டை, அதனால் டம்ளரின் அடியும் தட்டை என்று மனசு சொல்லும். கண் அப்படிப் பார்ப்பதில்லை. வாய் வட்டம் நீள்வட்டமாகத் தெரிகிறதல்லவா? அடிவட்டம் கண் மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால் வாயைவிடச் சற்று அதிகமாகவே விரிந்து தெரியும். டம்ளர் கீழே குறுகுவதால் அகலம் குறையும், ஆனால் வளைவு கூடும். டபராவின் விளிம்புக்கும் இதே கணக்கு.

முதலில் நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. வாயும் அடியும் அந்தக் கோட்டுக்கு இருபுறமும் சம அகலம். சாய்வு அதிலேயே போய்விடும். கண்ணாடி டம்ளர் என்று நினைத்து, மறைந்திருக்கும் பின்பக்க வளைவையும் சேர்த்து முழு நீள்வட்டமாகப் போடுங்கள். பேனாவைத் தூக்காமல் இரண்டு சுற்று. இரு முனைகளும் மாவிலை மாதிரி கூராக வந்தால் தவறு, அங்கேயும் சின்ன வளைவு இருக்க வேண்டும்.

உயரம் கூடுவதற்குக் காரணம் வேறு. தாளை மேசையில் தட்டையாகப் போட்டு வரைந்தால் அதன் மேல் பாதி கண்ணுக்குத் தூரமாகி, சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தானாகவே நீட்டிப் போடும். பேடை மடியில் வைத்து மேசை விளிம்பில் சாயுங்கள், பார்வை தாளில் நேராக விழட்டும். அளவும் எடுத்துக்கொள்ளுங்கள். கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியிலிருந்து கட்டைவிரல் வரை டம்ளரின் வாய் அகலத்தைப் பிடித்து, உயரத்தில் அது எத்தனை தடவை அடங்குகிறது என்று எண்ணுங்கள். முழங்கை மடங்கினால் அளவே மாறிவிடும்.

ரெண்டாம்_பிளாட்பாரம்:

கோட்டைக்குப் போறதா இருந்தா சாயங்காலம் போங்க அக்கா. வாசல் கிழக்குப் பக்கம்தானே. வெயில் இறங்கினதும் அகழிக்கு இந்தப் பக்கம் ரோடு ஓரமா நின்னு பார்த்தா மதில் முழுக்க நிழல்ல இருக்கும், பின்னாடி வானம் வெளிச்சமா இருக்கும். ஒவ்வொரு கல்லையும் வரைய வேண்டியதில்லை. மதிலோட மேல்விளிம்பு ஒரு கோடு, தண்ணி தொடற இடம் ஒரு கோடு. நடுவுல சாய்வுக் கோடுகளால ஒரே சீரா ஷேடிங். தண்ணியில விழற மதில் நிழலுக்கு அதே மாதிரி, கொஞ்சம் தளர்த்தி. வானம் வெறும் தாள். பாதி உள்ளங்கை அளவுல வரைஞ்சா பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும். காலையில போனா அதே மதில் மேல நேர் வெயில் அடிக்கும். நிழலே இல்லாம எல்லாம் தட்டையாத் தெரியும், கல் கல்லா வரையத்தான் தோணும்.

கோட்டைக்குள்ள இருக்கற ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களை இப்போ தொடாதீங்க. யாளி, குதிரை வீரன்னு செதுக்கின தூண் அது, ஒரு மூலையில ஆரம்பிச்சு நுணுக்கி நுணுக்கி வரைஞ்சா அளவு கண்டிப்பா தப்பும். ஆசையா இருந்தா ரெண்டு தூணுக்கு நடுவுல தெரியற வெளிச்சத்தோட வடிவத்தை மட்டும் போடுங்க. சார் சொன்ன நாற்காலிக் கணக்குதான்.

எட்டிப் பார்க்கறவங்களுக்கு வழி இருக்கு. முதுகுப் பக்கம் சுவரோ மரமோ இருக்கற இடமாப் பார்த்து நில்லுங்க, பின்னாடி வந்து நிக்க ஆளுக்கு இடம் இருக்காது. பாக்கெட்ல அடங்கற சின்ன நோட்டு போதும், பெரிய பேடை விரிச்சாத்தான் கூட்டம் சேரும். சின்னப் பசங்க வந்தா அவங்களையே நிக்க வச்சு முப்பது விநாடி கணக்குல வரையுங்க. தலைக்கு ஒரு வட்டம், கழுத்துல இருந்து இடுப்புக்கு ஒரே வளைவு, எந்தக் கால் மேல எடை இருக்கோ அந்தக் காலுக்கு ஒரு கோடு. முகம் வேணாம். முகத்துல கை வச்சா ‘இது நான் இல்ல’ன்னு சண்டைக்கு வருவாங்க.

தோள்கோடு:

கோட்டைக்குப் போற நாள்லயும் கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு தாள் நேர்க்கோடு போட்டுட்டுப் போங்க. நின்னுக்கிட்டு சின்ன நோட்டுல வரையும்போது கை மறுபடி மணிக்கட்டுக்கே வந்துடும். அப்போ நோட்டை நெஞ்சோட அணைக்காம, ஒரு முழம் தள்ளிப் பிடிங்க.